மணி அடித்ததா, நின்றதா?

மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. கதை, கவிதை அல்ல. இயந்திரங்களோடு வரும் கையேடுகள், ஆலைச் சுவர்களில் ஒட்டும் பாதுகாப்பு அறிவிப்புகள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்கள், காப்பீட்டுப் படிவங்கள், இவைதான் என் மேசைக்கு வருபவை. எழுதியவர் பெயர் எங்கும் அச்சாகாது. ஆனால் ஒரு வரி பிசகினால், முகம் தெரியாத ஒருவருக்கு விரல் போகலாம், உயிரே போகலாம். இந்த பயம் எனக்கு முதல் நாளே வந்துவிடவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு சின்னஞ்சிறு ஆங்கிலச் சொல் அதைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தச் சொல் 'ஆஃப்'.

ஓர் ஆலையின் தீ பாதுகாப்பு அறிவிப்பு அது. மொத்தம் பதினைந்து வரிகள் இருக்கும். நான்காவது வரியில், அலாரம் 'கோஸ் ஆஃப்' ஆனதும் கட்டடத்தை விட்டு வெளியேறுங்கள் என்று இருந்தது. நான் கொஞ்சமும் தயங்காமல் எழுதினேன்: "எச்சரிக்கை மணி நின்றவுடன் கட்டடத்தை விட்டு வெளியேறவும்." ஆஃப் என்றால் அணைவது, மணி அணைவது என்றால் நிற்பது. அதற்கு ஒரு நியாயத்தையும் மனதுக்குள் கட்டிக்கொண்டேன். மணி அடிக்கும்போது எல்லோரும் பதறி ஓடினால் நெரிசல் வரும், அதனால் அடங்கும்வரை இருந்துவிட்டு வரிசையாகப் போகச் சொல்கிறார்கள் என்று. இப்போது நினைத்தாலும் என்னைக் கலங்க வைப்பது அந்த நியாயம்தான். தவறான பொருளுக்கும் மனம் எவ்வளவு எளிதாகக் காரணம் தேடிக் கொடுத்துவிடுகிறது!

எங்கள் அலுவலகத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அச்சுக்குப் போகும் முன், அந்த அறிவிப்பைப் படித்து நடக்கப்போகும் தொழிலாளி ஒருவரிடமே பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். அன்று வந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திப் படித்தார். நான்காவது வரியில் விரல் நின்றது.

"தம்பி, மணி நிற்கிறவரை உள்ளேயே இருக்கச் சொல்கிறீர்களா?"

"ஆமாம் ஐயா. ஆங்கிலத்தில் அப்படித்தான் இருக்கிறது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நெருப்பு அதுவரை காத்திருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அகராதியைப் புரட்டினேன். 'கோ ஆஃப்' என்ற தலைப்பின் கீழ், மணி என்றால் ஒலிப்பது என்று தெளிவாகப் போட்டிருந்தது. என் வரி மூலத்துக்கு நேர் எதிராக இருந்தது. "எச்சரிக்கை மணி ஒலித்தவுடன்" என்று திருத்தினேன். ஒரு சொல்தான் மாறியது. அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆங்கிலத்தில் பொருள் மிகுந்த சொற்கள் என்று பெயர் எடுத்தவை வேறு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் வகுத்து, சுமார் 60,000 சொற்களில் விளக்கம் எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட சொற்களைக் கண்டால் நாம் முன்கூட்டியே எச்சரிக்கையாகிவிடுகிறோம். 'ஆஃப்' அப்படி அல்ல. அது நமக்குத் தெரிந்த சொல். தமிழ் மட்டுமே பேசுபவருக்கும் தெரிந்த சொல். தெரிந்த சொல்லை யாரும் அகராதியில் பார்ப்பதில்லை.

இந்தச் சொல்லை நாம் முதலில் சந்தித்த இடம் சுவரில் இருக்கும் ஸ்விட்ச். மேலே தட்டினால் ஒன்று, கீழே தட்டினால் இன்னொன்று. பிறகு தொலைபேசி ஸ்விட்ச் ஆஃப், மோட்டார் ஆஃப், அடுப்பு ஆஃப். வினைச்சொல் எதுவானாலும் பின்னால் ஆஃப் வந்தால் ஏதோ ஒன்று நின்றுபோகிறது என்று காது பழகிவிடுகிறது. ஆனால் மின்சாரம் வீட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தச் சொல் ஆங்கிலத்தில் இருந்தது. ஸ்விட்சுக்கு அது வாடகைக்கு வந்த சொல். அங்கே குடியேறிய ஒரு பொருளை மட்டும் பார்த்துவிட்டு, அதன் பூர்வீகத்தையே தெரிந்துகொண்டதாக நான் நினைத்திருந்தேன்.

பூர்வீகத்தைத் தேடியபோது கிடைத்த முதல் செய்தி என்னை ஆச்சரியப்படுத்தியது. 'உடைய' என்ற பொருளில் ஓ, எஃப் என்று இரண்டே எழுத்தில் எழுதுகிறார்களே, அந்தச் சொல்லும் மூன்றெழுத்து 'ஆஃப்'பும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். 'விலகி, அப்பால்' என்பது அதன் பொருள். வாக்கியத்தில் அழுத்திச் சொன்ன இடங்களில் அது கூர்மையாக நின்றது. அழுத்தமில்லாத இடங்களில் தேய்ந்து, எஃப் என்ற எழுத்தே 'வ்' போல ஒலிக்கத் தொடங்கியது. எழுத்திலும் பொருளிலும் இரண்டும் உறுதியாகப் பிரிந்து நின்றது 17-ஆம் நூற்றாண்டில்தான். தேய்ந்த சொல் உறவைச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டது. அழுத்தமான சொல் விலகலை வைத்துக்கொண்டது. தமிழில் எழுதும்போது இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். காதால் கேட்கும்போது அந்த 'வ்' ஒலியைக் கவனிக்கப் பழகுவது நல்லது. வாக்கியத்தின் நடுவே மெலிந்து ஓடுவது உறவுச்சொல். நின்று ஒலிப்பது விலகல்.

ஆக, அடிப்படைப் பொருள் அணைதல் அல்ல, விலகுதல். விமானம் 'டேக் ஆஃப்' ஆவது தரையை விட்டு விலகுவது. பொத்தான் 'ஃபால் ஆஃப்' ஆவது சட்டையிலிருந்து விலகுவது. 'டே ஆஃப்' வேலையிலிருந்து விலகிய நாள். விளக்கு ஆஃப் ஆவதுகூட மின்னோட்டத்திலிருந்து விலகியதால்தான். மின்கருவிகளின் மேல் போடும் குறியீடுகளுக்கென்று பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60417 என்ற தரநிலை இருக்கிறது. அதில் நேர்கோடு ஆன், வட்டம் ஆஃப். வட்டத்துக்கு அங்கே தரும் விளக்கம் மின்வழியிலிருந்து துண்டிப்பது. வட்டத்தின் மேற்புறம் திறந்து, அதற்குள் ஒரு கோடு நின்றால் அது 'ஸ்டாண்ட்பை'. கருவி ஓய்ந்திருக்கிறது, ஆனால் மின்சாரத்திலிருந்து விலகவில்லை. கையேடு எழுதும்போது இரண்டுக்கும் "அணைக்கவும்" என்று ஒரே சொல்லைப் போட்டால், மூடியைத் திறந்து உள்ளே கைவைப்பவருக்கு அது ஆபத்து. இப்போது நான் வட்டக் குறிக்கு "மின்சாரத்தைத் துண்டிக்கவும்" என்றே எழுதுகிறேன்.

எல்லாம் சரி. ஆனால் மணி? விலகுதல் என்று வைத்துக்கொண்டாலும் மணி எதிலிருந்து விலகி ஒலிக்கிறது? இந்தக் கேள்வி பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. விடை ஒரு பழைய சாவி கொடுக்கும் அலாரக் கடிகாரத்துக்குள் இருந்தது. பழுதாகிக் கிடந்த ஒன்றின் பின்மூடியைத் திருகாணி கழற்றித் திறந்தேன். உள்ளே இரண்டு சுருள்வில்கள். ஒன்று முள்ளை நகர்த்த, மற்றொன்று மணி அடிக்க. மணிக்கான வில்லைச் சாவியால் இறுக்கிவிட்டால், அது எந்நேரமும் விரியத் துடித்தபடி இருக்கிறது. ஆனால் ஒரு மெல்லிய தகடு சுத்தியலைத் தடுத்துப் பிடித்திருக்கிறது. முள்ளைக் கையால் சுற்றிக்கொண்டே வந்தேன். குறித்த நேரத்துக்கு வந்ததும் சக்கரத்தின் பள்ளம் பொருந்தியது. தகடு ஒரு மயிரிழை விலகியது. அடைபட்டிருந்த விசை விடுபட்டு, சுத்தியல் படபடவென்று மணியில் மோதியது.

தடை விலகியது, விசை விடுபட்டது. மணி 'கோ ஆஃப்' ஆவதை அன்று கண்ணால் பார்த்தேன். துப்பாக்கியும் அப்படியே, விசையை இழுத்ததும் பிடித்திருந்தது விடுபடுகிறது. வெடிகுண்டும் அப்படியே. விளக்கில் விலகுவது மின்னோட்டம், அதனால் அது நிற்கிறது. மணியில் விலகுவது தடை, அதனால் அது தொடங்குகிறது. எது விலகுகிறது என்று கேட்காமல் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கவே கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

'விடுபட்டது' என்று என் குறிப்பேட்டில் எழுதியபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. 'விடு'.

அந்த இரவு மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து, ஒரு பக்கம் ஆஃப் வரும் தொடர்களையும் மறுபக்கம் தமிழையும் எழுதிக்கொண்டே போனேன். வேலையிலிருந்து விலகிய நாள் விடுமுறை. 'லெட் ஆஃப்', தண்டிக்காமல் விட்டுவிடுவது. 'டிராப் ஆஃப்', வண்டியில் கூட்டிப்போய் இறக்கிவிடுவது. 'ஸீ ஆஃப்', வழியனுப்பிவிடுவது. வழியனுப்புபவரிடம் நாம் பெறுவது விடை, அதுவும் விடு என்ற வேரில் பிறந்ததுதான். 'ஃபினிஷ் ஆஃப்' முடித்துவிடுவது, 'ஸ்விட்ச் ஆஃப்' அணைத்துவிடுவது, 'டோஸ் ஆஃப்' கண்ணயர்ந்துவிடுவது, பால் 'கோ ஆஃப்' ஆவது கெட்டுவிடுவது. விடு, விடு என்று வந்துகொண்டே இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல் வினைக்குப் பின்னால் நின்று செய்யும் வேலையை, தமிழில் ஒரு துணைவினை வினைக்குப் பின்னால் நின்று செய்கிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் படம் ஒன்றே, பிடி தளர்ந்து ஒன்று இன்னொன்றிலிருந்து போவது. செய்தது முடிந்து நம் கையை விட்டுப் போவதால்தான் 'செய்துவிட்டான்' என்பதில் முடிவு என்ற உணர்வு வருகிறது.

மணிக்கும் விளக்குக்கும் இடையே இருக்கும் முரண்பாடு தமிழிலும் உண்டா என்று தேடினேன். உண்டு, அன்றாடம் நம் வாயில் புழங்குகிறது. மழை விட்டது என்றால் நின்றுவிட்டது. செடி துளிர் விட்டது என்றால் தொடங்கியிருக்கிறது. காய்ச்சல் விட்டது என்றால் போய்விட்டது. அணையில் தண்ணீர் விட்டார்கள் என்றால் வரத் தொடங்கிவிட்டது. பள்ளி விட்டது என்பது முடிவு, புதிதாகப் பேருந்து விட்டார்கள் என்பது ஆரம்பம். தமிழைப் பேசி வளர்ந்த யாரும் இதில் குழம்புவதில்லை. மழையைப் பற்றிப் பேச்சு வந்தால் மழை எப்படிப்பட்டது என்பது தெரியும், தண்ணீரைப் பற்றி வந்தால் அதுவும் தெரியும். அலாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் அந்த அறிவை நான் பயன்படுத்தாமல் போனேன். ஆங்கிலம் என்பதாலேயே என் தமிழ்மூளையை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறேன். ஆங்கிலம் படிப்பவர்களிடம் தாய்மொழியை மறந்துவிட்டு யோசியுங்கள் என்று சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். இந்தச் சொல் விஷயத்தில் அந்த அறிவுரை எனக்குக் கெடுதலையே செய்தது.

இந்தப் புரிதல் என் வேலைக்கு உதவியதற்கு முன்பே குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. என் சித்தப்பா பல மாதங்களாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தார். மருத்துவர் தொலைபேசியில் இனி 'டேப்பர் ஆஃப்' செய்யலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவின் காதில் கடைசியில் நின்ற 'ஆஃப்' மட்டும் விழுந்திருக்கிறது. மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். சில நாட்களில் எழுந்து நடக்க முடியாமல் சோர்ந்து படுத்துவிட்டார். நான் போனபோது, "டாக்டரே ஆஃப் பண்ணச் சொன்னாரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும்போது உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் அது உடனே ஈடுகொடுக்காது. ஆகவே அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில்தான் விட வேண்டும். 'டேப்பர்' என்பதே நுனி நோக்கி மெலிவதுதான். மருத்துவரை அழைத்தோம், மாத்திரையை மீண்டும் தொடங்கி, எந்த நாளில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டோம். சித்தப்பா தேறினார்.

அதன் பிறகு மருந்துத் தாள்களில் இந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்தையும் தனியாக வட்டமிட்டுவிடுகிறேன். 'டேப்பர் ஆஃப்' படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது. 'வேர் ஆஃப்' மருந்தின் வீரியம் தானாகத் தேய்ந்துபோவது, அதில் நோயாளி செய்ய வேண்டியது எதுவும் இல்லை. 'கம் ஆஃப்' ஒரு மருந்தின் பழக்கத்திலிருந்து வெளியே வருவது. 'கட் ஆஃப்' சட்டென்று துண்டிப்பது. நான்கிலும் ஆஃப் ஒன்றே, விலகும் வேகமும் விலக்குபவரும்தான் வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்வது முன்னால் நிற்கும் வினை. பின்னால் வரும் ஆஃப் காதில் பலமாக விழும், வினை மெலிதாகப் போய்விடும். மருத்துவரிடம் பேசும்போது அந்த மெலிந்த சொல்லைத் திரும்பக் கேட்டுவிடுங்கள். "நிறுத்த வேண்டுமா, குறைக்க வேண்டுமா" என்று நம் மொழியில் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி தடுமாற வைப்பவை 'கால் ஆஃப்', 'புட் ஆஃப்' என்ற இரண்டும். முதலாவது கைவிடுவது. கூட்டம் இனி இல்லை. இரண்டாவது தள்ளிவைப்பது. கூட்டம் உண்டு, வேறொரு நாளில். ஓடிப்போன வேட்டை நாயைத் திரும்ப அழைத்து விலக்குவதை நினைத்துக்கொண்டால் முதலாவது மறக்காது. கையால் ஒரு பொருளைத் தள்ளி அப்பால் வைப்பதை நினைத்தால் இரண்டாவது. 'லே ஆஃப்' ஆளைப் பார்த்துச் சொன்னால் தொந்தரவு செய்யாதே என்று பொருள், நிறுவனம் சொன்னால் வேலையிலிருந்து நிறுத்துவது. 'சைன் ஆஃப்' பேச்சை முடிப்பதும் ஆகும், ஓர் ஆவணத்துக்கு இறுதி ஒப்புதல் தருவதும் ஆகும்.

கணக்குப் பதிவில் வரும் 'ரைட் ஆஃப்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அச்சிலும் இது அடிக்கடி தவறாக வருகிறது. வங்கி ஒரு கடனை 'ரைட் ஆஃப்' செய்தது என்றால், வராது என்று கருதி அதைத் தன் சொத்துக் கணக்கிலிருந்து நீக்கியது என்று பொருள். கடன் வாங்கியவர் அதனாலேயே விடுபட்டுவிடுவதில்லை. அவரிடமிருந்து வசூலிக்கும் முயற்சி தொடரலாம். கடன்பட்டவரையே விடுவிப்பது 'வெய்வர்'. இரண்டுக்கும் தமிழில் "தள்ளுபடி" என்று ஒரே சொல்லைப் போடுவதால், படிப்பவருக்கு வங்கி பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டது என்று தோன்றுகிறது. இங்கேயும் அதே கேள்விதான் உதவுகிறது: எது எதிலிருந்து விலகுகிறது? முதலாவதில் கடன் ஏட்டிலிருந்து விலகுகிறது. இரண்டாவதில் பொறுப்பு ஆளிடமிருந்து விலகுகிறது. நான் முதலாவதுக்கு "கணக்கிலிருந்து நீக்கம்" என்று எழுதிப் பழகிவிட்டேன். நீளம் கூடினாலும் பரவாயில்லை. 'செட் ஆஃப்' இன்னொரு பொறி. பயணக் கட்டுரையில் கிளம்புவது, பாதுகாப்பு அறிவிப்பில் மணியைத் தூண்டிவிடுவது, கணக்கில் ஒருவர் தர வேண்டியதை அவருக்கு வர வேண்டியதோடு கழித்துக்கொள்வது.

ஒலிக்கும் முறையிலும் ஒரு துப்பு இருக்கிறது. வினையாக வரும்போது அழுத்தம் பெரும்பாலும் ஆஃப் மேல் விழும். பெயராக வரும்போது முன்சொல் மேல் விழும். விமானம் கிளம்பியது என்று சொல்லும்போது 'டேக் ஆஃப்' என்பதில் பின்பாதி ஓங்கும். கிளம்புதல் என்ற நிகழ்வைச் சொல்லும்போது முன்பாதி ஓங்கும். எழுத்திலும் வினை இரண்டு சொல்லாக நிற்கும், பெயர் ஒட்டியோ இடைக்கோட்டோடோ வரும். அத்தோடு, 'அதை' என்ற பொருளில் 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும். 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தவறு. விளக்கு என்ற பெயர் வந்தால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்.

'விடு' எல்லாப் பூட்டுக்கும் சாவி என்று நான் சொல்லவில்லை. அளவு பார்க்கும் கருவி 'ஆஃப்' ஆக இருக்கிறது என்றால் அது அணைந்திருக்கவில்லை, சரியான அளவிலிருந்து விலகிக் காட்டுகிறது. இதற்கு விலகல்தான் பொருந்தும், விடு பொருந்தாது. ஒரு கையேட்டில் இதை "கருவி அணைந்திருந்தால்" என்று மொழிபெயர்த்திருந்ததை நான் திருத்தியிருக்கிறேன். கிரிக்கெட்டின் ஆஃப் சைடு வேறொரு வழியில் வந்தது. குதிரைக்கும் வண்டிக்கும் ஆள் நிற்கும் இடப்பக்கத்தை அருகுப்பக்கம் என்றும், வலப்பக்கத்தை அப்பால் பக்கம் என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள், அந்த அப்பால்தான் ஆஃப். எனக்கு மிகவும் பிடித்தது 'ஆஃபிங்'. கரையில் நின்று பார்த்தால் தொலைவில் தெரியும் கடற்பரப்பு அது. அங்கே ஒரு கப்பல் தெரிந்தால் விரைவில் கரைக்கு வரப்போகிறது என்று பொருள். அதனால் 'இன் தி ஆஃபிங்' என்பது கூடிய சீக்கிரம் நடக்கப்போவதைக் குறிக்கிறது. தொலைவைக் குறித்த சொல்லே நெருங்கி வருவதைச் சொல்கிறது. அதே நேரத்தில், ஆஃபிஸும் ஆஃபரும் இந்தக் குடும்பமே அல்ல. அவை லத்தீனிலிருந்து வந்தவை. ஓசை ஒத்திருப்பதால் உறவு கொண்டாட வேண்டாம்.

இப்போது என்னோடு வேலை செய்யும் இளையவர்களுக்குப் பொருள் பட்டியலை நான் கொடுப்பதில்லை. பட்டியல் நீண்டுகொண்டே போகும், மனப்பாடம் செய்தவர்களுக்குத் தேவையான நேரத்தில் நினைவுக்கு வராது. மூன்று காரியம் மட்டும் செய்யச் சொல்கிறேன். எது எதிலிருந்து விலகுகிறது என்று எழுதிப் பார்ப்பது முதலாவது. விடு என்று வைத்தால் பொருந்துகிறதா என்று பார்ப்பது அடுத்தது. பிறகு அந்த வரியை, அதன்படி நடக்கப்போகிறவர் இடத்தில் இருந்து ஒருமுறை சத்தமாகப் படிப்பது. எனக்கு நான்காவது வரியில் விரல் வைத்த பெரியவர் செய்தது இந்த மூன்றாவதைத்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாள். "அண்ணா, ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். 'இட் கேம் ஆஃப்' என்று முடிகிறது. கழன்று வந்தது என்று எழுதினேன். ஆனால் மனதுக்குச் சரியாகப் படவில்லை."

"எது எதிலிருந்து விலகுகிறது என்று பார்த்தாயா?"

"பார்த்தேன் அண்ணா. எதுவும் விலகவில்லை. அதுதான் சந்தேகம்."

"அந்த 'இட்' எதைக் குறிக்கிறது? முந்தைய வரியில் கைப்பிடி வருகிறதா, திட்டம் வருகிறதா? கைப்பிடி என்றால் கழன்றது. திட்டம் என்றால் பலித்தது."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இருங்கள் அண்ணா," என்றாள், "முந்தைய பக்கத்தைப் பார்க்கிறேன்."